கணவர் படம் வைத்த பதக்கம்

எங்கள் சங்கம் பெண்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. கழுவுவதற்கு அண்டாக்கள் உண்டு. உரிப்பதற்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உண்டு. வாசலில் நின்று சந்தனம் குங்குமம் நீட்டுவதற்கு எங்கள் பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். டென்மார்க்கில் ஹோர்சன்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கென்று இருக்கும் ஒரே சங்கம் அது. போன பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணையாவது சேர்த்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு தலைவர், "நல்ல கருத்து தங்கச்சி, பரிசீலிப்பம்" என்றார். பரிசீலித்தார்கள். பதவி தரவில்லை, பதக்கம் தந்தார்கள்.

அந்த யோசனை கோபன்ஹேகனில் பிறந்தது. கோடையில் சங்கம் ஒரு பஸ் பிடித்து, அங்கே அருங்காட்சியகமாகிவிட்ட பழைய அரச மாளிகை ஒன்றுக்கு எங்களைக் கூட்டிப்போனது. முடிகளும் வாள்களும் பார்த்துக் களைத்த நேரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வழிகாட்டிப் பெண் நின்றாள். உள்ளே ஒரு சின்னப் பட்டு நாடா முடிச்சு. அதன் கீழே பெருவிரல் நகமளவு ஒரு உருவப்படம், சுற்றிலும் வைரம். இது அரச குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும் வழங்கப்படும் கௌரவம், ஆண்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் இதை அணிய முடியாது என்றாள். படத்தில் இருப்பது அரசர்.

எனக்கு இது புதிதில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொலைக்காட்சியில் அரண்மனை விருந்து காட்டினால் டெனிஷ் பாட்டிமார் மாலை மருந்தைக்கூட மறந்துவிடுவார்கள். எந்த இளவரசியின் தோளில் எந்தப் பதக்கம் என்று சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். ராணி ஆண்ட காலத்தில் அந்தப் படத்தில் ராணியின் முகம்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதை அந்த இடத்தில் தலைவருக்கும் சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை. கைத்தொலைபேசியால் அரசரின் முகத்தைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு புதுவிதமான சாந்தி தெரிந்தது.

என் பக்கத்தில் அக்கா நின்றார். அக்கா எனக்கு உறவில்லை. சங்கத்துக்கே அவர் அக்கா. அறுபதைத் தாண்டியவர். அன்று பஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்ட புளிச்சாதமும் கட்லட்டும் அவர் விடியற்காலை எழுந்து செய்தவை. பல வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில், ஸ்கீவ என்ற ஊரிலிருந்து ரயிலேறி, ஒரு கையில் மகளும் மறுகையில் பிரஷர் குக்கருமாக ஹோர்சன்ஸில் வந்து இறங்கினார். அப்போது அவர் வாயில் முன்பல் ஒன்று இல்லை. அதை உடைத்தவர் புருஷன். டெனிஷ் சட்டம் அவருக்கு விவாகரத்துக் கொடுத்தது. எங்கள் ஆட்கள் கொடுக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அக்கா இன்னும் அந்த ஸ்கீவ மனிதரின் மனைவிதான். கொஞ்சம் தூரத்தில் வேலை கிடைத்த மனைவி.

அதனால் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எங்கள் விழாக்களில் குத்துவிளக்கைத் தம்பதிகள்தான் ஏற்றுவார்கள். ஐந்து திரிக்கு ஐந்து தம்பதிகள். ஒரு திரியைக் கொளுத்த எதற்கு இரண்டு பேர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்காவை ஒரு நாளும் மேடைக்கு அழைத்ததில்லை. அவர் செய்த பிரியாணியைச் சாப்பிடும்போது மட்டும் யாரும் அவருடைய ஜோடி எங்கே என்று தேடியதில்லை.

"பிள்ளை, இது பொம்பிளையளுக்கு மட்டுமோ?" என்று கேட்டார் அக்கா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓம் அக்கா."

"வடிவாயிருக்கு. நெஞ்சிலை குத்துறது எண்டபடியால் இன்னும் வடிவு. கையிலை தந்தால் வீட்டை கொண்டுபோய் அலுமாரிக்குள்ளை வைக்கிறதுதான். நெஞ்சிலை குத்தினால் சனம் பாக்கத்தானே வேணும்."

வழிகாட்டி அடுத்த அறைக்குப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

இலையுதிர் காலத்தில் என் கணவர் செய்தி கொண்டுவந்தார். அவர் சங்கத்தின் செயலாளர். வீட்டில் மூன்று பேருக்குத் தேநீர் ஊற்றவும் ஒழுங்கு தெரியாதவர் என்றாலும் சங்கத்தில் அவரைக் கேட்காமல் ஒரு கதிரை நகராது. ஆண்டு விழாவில் பெண்களுக்கு மட்டும் ஒரு உயர் விருது. பெயர், குலவிளக்குப் பதக்கம். டெனிஷ் கொடியின் சிவப்பு வெள்ளையில் நாடா முடிச்சு, கீழே வெள்ளி வட்டம், வட்டத்துக்குள் படம். முதல் முறையாக ஐந்து பெண்கள். முதல் பெயர் அக்கா. அவரை விட்டுவிட்டு அந்தச் சபையில் எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் சனம் சிரிக்கும் என்பதை நிர்வாகமே ஒத்துக்கொண்டிருந்தது. என் பெயரும் இருந்தது. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கிறவளின் வாயை நாடாவால் கட்டலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

"படம் எண்டால் ஆற்றை படம்?" என்று கேட்டேன்.

கணவர் சப்பாத்தைக் கழற்றுவதில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்தினார். "அரச முறைப்படிதான் செய்யினம். அங்கை அரசர். இஞ்சை... தலைவர்."

நான் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு டெனிஷ்காரர் தரையைத் தட்டினார்.

அக்காவுக்குச் செய்தி சொல்ல நானே போனேன். யாருடைய படம் என்பதைக் கேட்டதும் அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "ஆற்றை மூஞ்சை எண்டாலும் கிடக்கட்டும் பிள்ளை, என்னை மேடைக்குக் கூப்பிடப்போகினம்" என்றார். அன்றைக்கே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் ஓர்ஹூஸில் பல்வைத்தியர், கட்டினது ஒரு டெனிஷ்காரரை. சங்க விழா என்றால் அவளுக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும். சின்ன வயதில் பின்கதவால் குசினிக்குள் வந்து பின்கதவால் போன பிள்ளை, அவளைக் குறை சொல்ல முடியாது. அக்கா தொலைபேசியில், "இந்த முறை முன்வாசலாலை வா, முன் வரிசையிலை இரு" என்றார். மகள் டெனிஷில் ஏதோ கேட்டாள். அக்கா, "ஓம், எனக்குத்தான், எனக்கு" என்று இரண்டு தரம் சொன்னார்.

மாதிரிப் பதக்கம் வந்தது. உதைபந்தாட்டப் போட்டிகளுக்குக் கிண்ணம் செய்கிற கடையில் கொடுத்துச் செய்திருந்தார்கள். வட்டத்துக்குள் தலைவர், கடும் நீலப் பின்னணியில், கடவுச்சீட்டுப் படத்தின் முறைப்போடு இருந்தார். ஒரு மாலையும் இரண்டு ஊதுபத்தியும்தான் குறை. அதைப் பார்த்து யார் கொதித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெண்கள் இல்லை. எங்களுக்குச் சிரிப்பு அடங்கவே நாளெடுத்தது. கொதித்தது கணவன்மார்.

நான் தேநீர் கொடுக்கிற சாட்டில் அந்தக் கூட்டத்தின் வாசலில் நின்றேன். விருதுக்குத் தெரிவான ஒரு பெண்ணின் கணவர், சாதாரண நாட்களில் ஓம் என்பதைத் தவிர வேறு சொல் பேசாதவர், மேசையைத் தட்டினார்.

"என்ரை மனிசி உங்கடை படத்தை நெஞ்சிலை குத்திக்கொண்டு திரியிறதோ? ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

தலைவர் அரச மரபை விளக்கினார். அரசரின் படத்தை மைத்துனி, மருமகள், பெரியம்மா எல்லோரும் குத்துகிறார்கள், அரண்மனையில் யாரும் சண்டை பிடிக்கவில்லை என்றார். அவர்கள் வெள்ளைக்காரர் என்று பதில் வந்தது. பிள்ளையார் படம் வைக்கலாம் என்றார் ஒருவர். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர் உடனே மாதாவும் வேண்டும் என்றார். சங்கச் சின்னத்தை வையுங்கள் என்று வாசலில் நின்றபடி நான் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான விஷயம் அதுதான் என்பதால் எவருடைய காதிலும் விழவில்லை.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் தன் கணவரின் படத்தைக் குத்தவேண்டும். எல்லோருக்கும் பரம திருப்தி. பெண்களைக் கௌரவிக்கிற விழாவில் ஒரு ஆண்மகனுக்கும் குறை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

என் கணவர் அடுத்த சில நாட்கள் பழைய ஆல்பங்களோடு சோபாவில் கிடந்தார். தலைமயிர் இருந்த காலத்துப் படம் ஒன்றை எடுத்து, "இது பரவாயில்லையோ?" என்று கேட்டார். அந்தப் படத்தில் இருந்தவரை எனக்கே மட்டுக்கட்ட நேரம் எடுத்தது. எனக்குத் தரப்போகும் பதக்கத்துக்கு அவர் முகம் கழுவி, மீசை வெட்டி, கடைசியில் புதிதாகவே ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் என்ன சேலை கட்டப்போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்காவுக்கு ஆற்றை படம்?"

அவர் ஆல்பத்தை மூடினார். "அதுவும் கதைச்சனாங்கள். படமில்லாமல் விட்டால் மற்றப் பதக்கங்களோடை ஒத்து வராது. பேரை எடுத்துவிடலாம் எண்டும் ரெண்டு பேர் சொன்னவை. நான்தான் விடேல்லை. தலைவர் ஸ்கீவவுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைச்சு, அந்தாளிட்டை ஒரு படம் வாங்கியிருக்கிறார். வலு சந்தோசமாம் அந்தாளுக்கு."

"அவவிட்டைக் கேட்டனீங்களோ?"

"அவவுக்குக் குடுக்கிற கௌரவத்துக்கு அவவிட்டை என்னத்தைக் கேக்கிறது? உமக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறதுதான் வேலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று வீட்டில் மிஞ்சிய பாத்திரங்கள் எல்லாம் அதிர்ஷ்டசாலிகள். ஓங்கி அடித்த மனிதனின் முகத்தை, அடிபட்டவளின் நெஞ்சில், கைதட்டலோடு குத்தப்போகிறார்கள். அதற்கு அந்த மனிதனிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அவளிடம் கேட்கவில்லை. இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர்கள் தாங்கள் ஒரு நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தார்கள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். மறைத்து வைத்து மேடையில் அவர் தலையில் போட என்னால் முடியாது. அவர் அலுமாரிக்கு முன்னால், மகளின் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழநிறச் சேலையை விரித்து வைத்து, ரவிக்கை இன்னும் கொள்ளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நாக்கு நுனியால் அந்தப் பொய்ப்பல்லைத் தொட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. யோசிக்கும்போது அவர் அப்படிச் செய்வார்.

"நீங்கள் வரவேண்டாம் அக்கா. நானும் போகேல்லை. ரெண்டு பேரும் எங்கையாவது போய்ப் பீட்சா சாப்பிடுவம்."

"மகள் வாறாள்" என்றார். சேலையை மடித்தபடி, "நான் வாறன் பிள்ளை. நீ ஒருத்தரிட்டையும் ஒண்டும் கதையாதை" என்றார்.

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. வீடு வரும் வழி முழுவதும் எனக்கு அழுகை வந்தது. ஒரு தரம் மேடை ஏறுவதற்காக அந்த மூஞ்சியையும் குத்தத் துணிந்துவிட்டாரே என்று நினைத்தேன். அவ்வளவு ஆசையை ஒரு மனுஷிக்குள் இத்தனை வருடமாகப் பட்டினி போட்டிருக்கிறோம். அந்தப் பட்டினியில் நானும் அவருடைய பிரியாணியைத்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு டெனிஷ் அரசியல்வாதியை அழைத்திருந்தார்கள். எங்கள் விழாக்களில் ஒரு வெள்ளைக்காரர் முன் வரிசையில் இருந்தால்தான் நாங்கள் தமிழர் என்று எங்களுக்கே நம்பிக்கை வரும். ஐந்து தம்பதிகள் விளக்கேற்றினார்கள். தலைவர் அரச மரபு பற்றி நீண்ட நேரம் உரையாற்றினார். அக்கா காலையிலிருந்து குசினியில் நின்றுவிட்டு, பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்தான் ஏப்ரனைக் கழற்றினார். முன் வரிசையில் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒரு ஆண் இன்னொருவர் மனைவியின் நெஞ்சில் பதக்கம் குத்துவது அழகில்லை என்பதால், தலைவர் ஒலிவாங்கியில் புகழ, தலைவரின் மனைவி குத்துவதாக ஏற்பாடு. முதலில் அவருக்கே குத்தினார்கள். அவருடைய பதக்கத்தில் தலைவர் முறைத்துக்கொண்டிருந்தார். ஆக, தலைவரின் ஆசை ஒரு சேலையிலாவது நிறைவேறியது. பிறகு வேறு இரண்டு பெண்கள். பிறகு நான். என் கணவர் ஓடிவந்து கீழே நின்று படம் எடுத்தார். எடுத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். தன்னுடைய முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். நான் அதைக் கழற்றி எறியவில்லை. அக்கா என்ன செய்யப்போகிறார் என்பது தெரியாமல் என் கை எழவில்லை.

முதல் பெயரைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அக்கா மேடையேறினார். மாம்பழநிறச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. கைதட்டல் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. சனத்துக்கு நாக்கில் நன்றி இருக்கும்தானே. தலைவரின் மனைவி பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்து, சேலைத் தலைப்பில் குத்தப் போனார். அக்கா அவருடைய கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். பதக்கத்தை வாங்கி, தூரப்பார்வை உள்ளவர்கள் பிடிப்பதுபோல் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைவரின் கையை விரித்து, அதில் வைத்தார்.

"தம்பி, இந்த ஆளை நான் ஏற்கெனவே ஒருக்காத் திருப்பிக் குடுத்திட்டன்."

தலைவர் ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

குசினியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு முன் வரிசையில் மகள் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினாள். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வசனம் முழுதாக விளங்கியிருந்தது. மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எழுந்து தட்டினான். கொம்யூன் விருந்தினர், எங்கள் பெண்கள் விருதைத் தலைவரிடமே ஒப்படைப்பது ஏதோ பழைய பண்பாடு என்று நினைத்திருக்கவேண்டும். அவரும் எழுந்து, கண் கலங்க, தலைக்குமேல் கையை உயர்த்தித் தட்டினார். வெள்ளைக்காரர் எழுந்த பிறகு எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களா? மண்டபமே எழுந்து தட்டியது. தலைவரும் தட்டவேண்டியதாயிற்று, கையில் ஸ்கீவ மனிதரை வைத்துக்கொண்டு.

நான் குசினிக்குப் போனபோது அக்கா சேலைக்குமேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வடை பொரித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிப்பிடித்தேன். நல்ல வேலை செய்தீர்கள், பார்த்துக்கொண்டிருக்கவே நெஞ்சு நிறைந்தது என்று ஏதேதோ சொன்னேன். அவர் வடையைத் திருப்பிப் போட்டார். கண்ணீர் கன்னத்தால் வழிந்தது.

"எனக்கு அது வேணும்போலைதான் இருந்தது பிள்ளை" என்றார். "சரியான ஆசையாய் இருந்தது. அந்த ரிபன் எவ்வளவு வடிவு."

நான் நெஞ்சிலிருந்த பதக்கத்தைக் கழற்றினேன். வெங்காயம் வெட்டுகிற சின்னக் கத்தியின் நுனியை வட்டத்துக்குள் விட்டு நெம்பினேன். மலிவான பசை, என் கணவர் ஒரே நெம்பில் கழன்று வந்தார். அவரை உப்புப் போத்தலின் மூடியில் வைத்துவிட்டு, நாடாவையும் வெறும் வெள்ளி வட்டத்தையும் அக்காவின் ஏப்ரனில், இடது பக்கம் குத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது மகள் உள்ளே வந்தாள். இந்த முறையும் குசினிக்குள்தான் வந்தாள், ஆனால் மண்டபத்துப் பக்கக் கதவால். தாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்த வெறும் வட்டத்தை விரலால் தொட்டு, இதற்குள் யார் இருந்திருக்கவேண்டும் என்று டெனிஷில் கேட்டாள்.

அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஒருத்தரும் இல்லை" என்றார். "இது எனக்குத் தந்தது."